ஷெர்வுட் காடும் நெடுந்தீவுக் கடலும்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தைக் கடந்து, இருமருங்கும் ஆழமற்ற பரவைக்கடல் விரிந்து கிடக்க, மீன் பிடிப்போர் நாட்டிய கம்புகளும் அவற்றின் உச்சியில் அசையாது குந்தியிருக்கும் நீர்க்காகங்களும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிரைநிரையாய்த் தோன்ற, மண்டைதீவுச் சந்தியும் அல்லைப்பிட்டியும் மண்கும்பானும் தாண்டி வேலணை வழியே ஊர்காவற்றுறைக்குச் செல்கின்ற வீதியிலே பிரயாணஞ் செய்பவர்களுக்கு, தரை எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று திட்டமாய்ச் சொல்லுதல் அரிது. இத்தகைய பூமியிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, கானகத்துக் கள்வரும் கடற்கொள்ளைக்காரரும், வாளேந்திய வீரரும் சிறையிருந்த அரசிளங்குமரியரும் உலவுகின்ற ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் ஏன் அவ்வளவு இனித்தன என்பதை அவ்விடத்திலேயே நின்று விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நெடுநாளாய் இருந்தது. தீவுப்பகுதிக்குப் போகும் யாத்திரிகர் பெரும்பாலும் நயினை அம்மனைத் தரிசிக்கப் போவர், நானும் தரிசித்தேன். ஆயினும் என் பையிலே ரொபின் ஹூட்டின் கதையைச் சுருக்கிச் சொல்லும் பழைய பள்ளிப் புத்தகம் ஒன்றும் இருந்தது.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தங்கள் பணியைத் தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவிய காலந்தொட்டு, ஆங்கிலம் இந்நாட்டில் உத்தியோகத்துக்கு வழிகாட்டும் பாஷையாகவே மதிக்கப்பட்டு வந்தது. இலக்கணமும் கணிதமும் வேதாகமமும் கற்பதற்கென்றே பிள்ளைகளைக் கல்லூரிகளுக்கு அனுப்பிய பெற்றோர், அந்தப் பாஷை வாயிலாக வேறு சிலரும் தங்கள் வீட்டுத் திண்ணைகளில் வந்து குடியேறுவர் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவ்வாறு குடியேறியவர்களில் முதல்வன் ஷெர்வுட் காட்டு வில்லாளியான ரொபின் ஹூட். அவனுக்குப் பின்னே வால்டர் ஸ்கொட்டின் ஐவன்ஹோவும், ஸ்டீவன்சனின் புதையல் தீவைத் தேடிய சிறுவனும், அன்ரனி ஹோப் 1894இல் படைத்த செண்டாவின் கைதியும் வரிசையாய் வந்தனர். பெரியோர்கள் இவற்றை வீண்கதை என்று வெறுத்தனர். சோதனைக்கு உதவாதது என்று பறித்து வைத்தனர். அந்த வெறுப்பு நியாயமானதன்று என்பது என் துணிபு. ஒரு மொழியை அதன் இலக்கண நூலால் கற்றவன் அதில் மனுப் பத்திரம் எழுதுவான். அதன் கதைகளால் கற்றவனே அதில் கனவு காண்பான்.

ஊர்காவற்றுறை இறங்குதுறையில், கடற்காற்றுக்குச் சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டு அமர்ந்திருந்த முதியவர் ஒருவரோடு உரையாடும் பாக்கியம் கிடைத்தது. பலகாலம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, முதற்பக்கத்தைப் பாராமல் நடுப்பக்கங்களையே புரட்டினார்.

"ஐவன்ஹோவை நாங்கள் முழுக்க விளங்கி வாசிச்சம் எண்டு சொல்லேலாது ஐயா," என்றார். "எங்களுக்கு அந்த இங்கிலீசு கடினம். ஆனால் ரொபின் ஹூட் லொக்ஸ்லி எண்ட பேரில வந்து அம்பு விடுகிற இடம் வருகுதெல்லே, மற்றவன்ரை அம்பைப் பிளந்துகொண்டு போற இடம், அந்தப் பக்கத்தை எத்தனை தரம் வாசிச்சிருப்பம் எண்டு கணக்கில்லை. பேந்து பூவரசந்தடியை வளைச்சு வில்லுக் கட்டிக்கொண்டு ஊர்வலம் போறதுதான்."

அவர் கண்ணெடுத்துக் காட்டிய திசையிலே, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, நீரிலிருந்தே முளைத்தெழுந்தது போன்ற தோற்றத்துடன் கடற்கோட்டை நின்றது. போர்த்துக்கேயர் கட்டி, 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஹமன்ஹீல் என்று பெயரிட்ட அந்தக் கோட்டை பீரங்கிக்குப் பணிந்ததைவிடத் தாகத்துக்கே பணிந்தது என்பது சரித்திரம். சுற்றிலும் கடலாயிருக்க, உள்ளே குடிப்பதற்கு நீரில்லாமற் போயிற்று. ஸ்டீவன்சன் எழுதியிருந்தால் இதைவிடச் சிறந்த கட்டத்தைக் கற்பனை செய்திருக்க முடியாது. நம்மவரும் இதனைக் கவனியாமல் விடவில்லை. செங்கை ஆழியான் 'கடற்கோட்டை' என்ற பெயரிலேயே ஒரு சரித்திர நாவல் எழுதினார். அவருடைய 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கரையில் வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவரின் காதலையும் பகைமையையும் சொல்லுவது, 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்து, பின்னர் திரைப்படமாகவும் ஆயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் கதை கொடுத்தவர், நாம் வாங்கியவர் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கணக்கு அவ்வளவு எளிதன்று. 1660ஆம் ஆண்டில் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் குடாவிலே கண்டி அரசனுடைய ஆட்களிடம் அகப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிலே கைதியாய் வாழ்ந்து, 1679இல் காட்டாற்றின் வழியே தப்பி மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக் கோட்டையை வந்தடைந்த ரொபட் நொக்ஸ் என்னும் மாலுமி, தன் அனுபவங்களை 1681இல் லண்டனிலே புத்தகமாக வெளியிட்டான். டானியல் டீபோ அந்நூலை அறிந்தவர். 1720இல் அவர் எழுதிய 'கப்டன் சிங்கிள்டன்' என்னும் கடற்கொள்ளைக்காரன் கதையிலே நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கியே சேர்த்துவிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த ரொபின்சன் குரூசோவுக்கும் அந்தக் கைதியின் தனிமை ஒரு தூண்டுதலாயிருந்தது என்று கருதுவோர் பலர். ஆகவே, ஆங்கிலச் சாகசக் கதையின் ஊற்றுக்கண்களிலே ஒன்று இலங்கை மண்ணிலேயே இருந்தது. பின்னர் நம் பிள்ளைகள் அள்ளிப் பருகியதில் நம் நாட்டுத் தண்ணீரும் கலந்திருந்தது.

ஆங்கிலக் கதை தமிழிலே வந்து வேடம் மாற்றிக்கொண்ட வரலாறும் சுவையானது. காட்டிலே கரடியால் வளர்க்கப்பட்ட ஒருவனும் அரண்மனையிலே வளர்ந்த அவன் சகோதரனும் ஆகிய ஓர்சன், வலன்டைன் என்போரைப் பற்றிய ஐரோப்பிய வீரக்கதையை, திருகோணமலை இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை' என்று 1891இல் தமிழாக்கினார். ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுவோர் அதை முதற்பக்கங்களிலேயே குறிப்பிடுகின்றனர். தமிழகத்திலோ, ரெயினால்ட்ஸ் என்னும் ஆசிரியரின் மர்மக் கதைகள் பெருவெள்ளமாய்ப் புகுந்தன. ஆரணி குப்புசாமி முதலியார் முதலியோர் அவற்றைத் தழுவித் தழுவி எழுதினர். தனித்தமிழுக்கும் சைவத்துக்கும் தம் வாழ்வையே ஒப்புவித்த மறைமலையடிகளே, ரெயினால்ட்ஸ் எழுதிய 'லைலா அல்லது மிங்க்ரேலியாவின் நட்சத்திரம்' என்னும் கதையைத் தழுவி 1911இல் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்ற நாவலை எழுதினார் என்பதைக் கேட்போர் வியப்புறுவர். நாகநாடு என்னும் பெயரைக் கேட்டதும் யாழ்ப்பாணத்து வாசகனுக்கு நயினாதீவே நினைவில் எழும். கருங்கடலுக்கு அப்பாலுள்ள மிங்க்ரேலியாவின் கதைநாயகி, நம் பழங்காப்பியங்கள் பேசும் நாகநாட்டின் பெயரைச் சூடிக்கொண்டு தமிழிலே உலவியதை எண்ணும்போது, கதைகளுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை என்று தெரிகிறது.

இந்த வழியிலேதான் கல்கியின் 'கள்வனின் காதலி'யும், நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ள'னும் பிறந்தன. வெள்ளித்திரையிலே 1951இல் 'மர்மயோகி' வந்தபோது ரொபின் ஹூட்டும், 1958இல் 'நாடோடி மன்னன்' வந்தபோது செண்டாவின் கைதியும் தமிழ் பேசினர். அந்த இரு படங்களிலும் வாள் சுழற்றிய எம்.ஜி.ஆர். பிறந்தது இலங்கையிலே. சிங்கள மக்களுக்கும் அவர்களுடைய ரொபின் ஹூட் உண்டு: கேகாலைக்கு அண்மையிலுள்ள உதுவன்கந்தைக் குன்றிலே ஒளிந்திருந்து செல்வரைக் கொள்ளையிட்ட சரதியேல், தன் நண்பன் மம்மாலி மரைக்காரோடு 1864 மே 7ஆம் நாள் கண்டியிலே தூக்கிலிடப்பட்டான். சட்டம் ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் நாடுகளிலெல்லாம், சட்டத்துக்குப் புறம்பே நின்று நீதி செய்பவன் ஒருவனை ஜனங்கள் தேடிக் கண்டெடுத்து, அவன் செய்த நன்மையைப் பெருக்கியும் தீமையைச் சுருக்கியும் கதை கட்டுகின்றனர். கதையின் மெய்மை அவன் செயலிலே இல்லை. அவனை வேண்டி நின்ற மக்களின் ஏக்கத்திலே இருக்கிறது.

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடல்நடுவே இட்ட நீண்ட தாம்போதி வழியாய்ச் சென்று, குறிகட்டுவான் துறையிலே படகேறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. நாகபூஷணி அம்மன் கோபுரம் கடலைப் பார்த்து நிற்கிறது. அம்மனுக்குப் பூவெடுத்து நீந்திவந்த நாகத்தைக் கருடன் வழிமறித்ததும், கடல்வழியே சென்ற வணிகன் ஒருவன் இடைபுகுந்து சமாதானம் செய்ததும் இங்கே எல்லாரும் அறிந்த ஐதிகம். நாகமும் கருடனும் இருந்த கற்கள் என்று கடலோரத்தில் இரண்டைக் காட்டுகின்றனர். மணிமேகலா தெய்வம் மணிமேகலையைத் துயிலிலே எடுத்துச் சென்று வைத்த மணிபல்லவம் இதுவே என்று அறிஞர் பலர் கொள்வர். அவள் கதையைச் சொல்லும் 'மணிமேகலை'க் காப்பியத்திலேயே சாதுவன் கதை இருக்கிறது: கலம் உடைந்து, ஒடிந்த மரத்துண்டைப் பற்றி, நரமாமிசம் உண்ணும் நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்கி, தன்னைக் கொன்று தின்ன வந்தவர்களோடு அவர்கள் பாஷையிலேயே பேசி உயிர்தப்பி, அவர்களுக்கே அறம் உரைத்து மீண்டவன். குரூசோவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் நாம் பெற்றிருந்த குரூசோ அவன். துப்பாக்கியால் வென்ற குரூசோவிலும், சொல்லால் வென்ற சாதுவனையே நான் உயர்ந்தவன் என்பேன்.

நயினாதீவில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது ஒரு கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, தமிழிலே பொறிப்பித்த சாசனம் அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்பது அதன் ஒரு கட்டளை. அந்த ஊராத்துறைதான் நான் முதல்நாள் நின்ற ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிபப் பொருள் ஏற்றிவந்த கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. முருகைப் பாறைகள் மறைந்து கிடக்கும் இந்தக் கடலிலே உடைந்த கலத்தின் பொருள் கண்டவன் கைக்குரியதாகாமல், உடையவனுக்கும் ஒரு பங்கு உண்டென்று கல்லிலே வெட்டிவைத்த அரசாணையைக் காணும்போது, எந்த ஆபத்துகளைக் கண்டு அவ்வாணை பிறந்திருக்கும் என்று மனம் தானாகவே ஊகிக்கத் தொடங்குகிறது. கொள்ளைக்காரனைப் பற்றிய நூறு கதைகளுக்குரிய வித்து இந்த ஒரு கல்லிலே கிடக்கிறது.

நெடுந்தீவுக்கு வடதாரகை என்னும் படகிலே சென்றேன். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒருமணி நேரப் பயணம். அரிசி மூட்டைகளும் எரிவாயு உருளைகளும் கட்டிய கோழிகளும் மாணவரின் துவிச்சக்கர வண்டிகளும் மனிதரோடு சமமாய் இடம்பிடித்திருந்தன. இக்கடலிலே ஓடும் இன்னொரு படகின் பெயர் குமுதினி. 1985 மே 15ஆம் நாள், அப்படகிலே சென்ற ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நடுக்கடலிலே வெட்டிக் கொல்லப்பட்டனர். அதைப் பற்றி நெடுந்தீவார் அதிகம் பேசுவதில்லை; பேசும்போது குரலைத் தாழ்த்திப் பேசுகின்றனர். கதைப் புத்தகத்திலே வாளும் இரத்தமும் இனிக்கின்றன என்றால், அங்கே மடிபவருக்குத் தாயும் தங்கையும் துறைமுகத்திலே காத்திருப்பதில்லை என்பதே காரணம். இந்த வேறுபாட்டை அறிந்து வாசிப்பவனுக்கே சாகசக் கதை தீங்கு செய்யாது.

கரையேறியதும் கண்ணிற் படுவன கல்வேலிகள். கிடுகும் பனையோலையும் கொண்டு வேலியடைக்கும் குடாநாட்டிலிருந்து செல்பவனுக்கு அவை புதுமையானவை. சுண்ணமும் மண்ணும் சேர்க்காமல், முருகைக்கற்களைத் தட்டித் தட்டி ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, மார்பளவு உயர்த்தி, ஒழுங்கைகளின் இருபுறமும் ஓடவிட்டிருக்கின்றனர். அருகே குனிந்து பார்த்தேன். கல்லென்று நினைத்தது கடலுயிரின் கூடு: ஒன்றிலே தேன்கூட்டைப் போன்ற கண்ணறைகள், மற்றொன்றிலே நெளிந்து நெளிந்து செல்லும் மூளை வரிகள், விரலை வைத்தால் ஒவ்வொரு வரியும் தட்டுப்பட்டது. இடுக்குகளின் வழியே சோளகக் காற்று புகுந்து வெளியேறும் ஓசை எப்போதும் கேட்கிறது. வேலிகளுக்கு அப்பால், மேற்கும் தெற்குமான வெளிகளிலே, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நோலன் என்ற ஆங்கிலப் படையதிகாரியின் மேற்பார்வையிலும் இருந்த குதிரைகளின் சந்ததிகள், இன்று எவருக்கும் உரிமையில்லாது கூட்டங்கூட்டமாய்த் திரிகின்றன. உயரம் குறைந்தவை, பிடரிமயிர் சிக்குண்டவை. கோடையிலே நீரின்றி அவை மடிவதைச் சொல்லும்போது ஊரார் வருந்துகின்றனர்.

தீவின் மேற்குப் பக்கத்திலே, பனைகளுக்கு நடுவே, கற்குவியலாய்க் கிடக்கும் இடத்தை வெடியரசன் கோட்டை என்பர். தொல்லியலாளர் அங்கே பௌத்தத் தூபிகளின் அடித்தளங்களைக் காண்கின்றனர். ஊரார் காண்பதோ தங்கள் கடலரசனை. கண்ணகியின் சிலம்புக்குப் பரலிட நாகமணி வேண்டி, மீகாமன் என்பவன் சோழநாட்டிலிருந்து மரக்கலம் செலுத்தி நாகதீவை நோக்கி வந்தான் என்றும், நெடுந்தீவை ஆண்ட வெடியரசன் அவனை வழிமறித்தான் என்றும், வெடியரசனும் வீரநாராயணன், விளங்குதேவன் முதலான அவன் தம்பியரும் கடலிலே அவனோடு பொருதனர் என்றும் கதை செல்கிறது. மட்டக்களப்பிலே அம்மன் கோயில்களிற் படிக்கப்படும் 'கண்ணகி வழக்குரை'யிலே கடலோட்டு காதை என்ற பகுதி முழுவதும் இச்செய்தியே. வடபகுதியிலே கோவலனார் கதையிலும் வெடியரசன் கூத்திலும் இது வழங்குகிறது. ஊருக்கு ஊர் முடிவு சற்று மாறும். மீகாமன் பக்கத்திலே நின்று சொல்வோர் வெடியரசனைத் தடை செய்தவன் என்பர். நெடுந்தீவிலே நின்று கேட்டால், தன் கடலுக்குள் அனுமதியின்றிப் புகுந்தவனை மறித்த மானமுள்ள அரசன் அவன்.

அங்கே மாடு சாய்த்துக்கொண்டு வந்த பெரியவர், நான் கேட்பதற்கு முன்னரே தொடங்கினார்.

"உதுதான் தம்பி வெடியரசன்ரை கோட்டை. நாங்கள் சின்னனில இஞ்சை மாடு மேய்க்க வந்தால், அப்பு இந்தக் கதையைச் சொல்லித்தான் எங்களை ஓரிடத்தில இருத்தி வைச்சிருப்பார். இப்ப நான் சொல்லுறன் எண்டால் பேரப்பிள்ளையளுக்குக் கேக்க நேரமில்லை. படம் கீறின புத்தகமாய் இருந்தால் பாப்பாங்கள்."

அவர் கூறியது எனக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் அதன் உண்மையை அங்கேதான் முழுமையாய் உணர்ந்தேன். ரொபின் ஹூட்டும் ஆதியிலே புத்தகத்தில் இருந்தவனல்லன். சந்தைகளிலும் சாவடிகளிலும் பாடகர் பாடிய நாட்டுப்பாடல்களிலே சிதறிக் கிடந்தவன். ஜோசப் ரிட்சன் என்னும் அறிஞர் அப்பாடல்களையெல்லாம் தேடிச் சேர்த்து 1795இல் பதிப்பித்தார். அவற்றைக் கண்டபின் ஸ்கொட் அவனை நோர்மானியரின் கொடுமைக்கு எதிரே சாக்சன் குடிகளின் தோழனாக நாவலிலே நிறுத்தினார். 1883இல் அமெரிக்க ஓவியரான ஹவர்ட் பைல், சிறுவருக்கு விளங்கும் நடையிலே அக்கதைகளைத் தொடுத்து, தம் கையாலேயே சித்திரமும் வரைந்து வெளியிட்டார். பாடியவன், தொகுத்தவன், புனைந்தவன், வரைந்தவன் என்று இத்தனை பேருடைய உழைப்பால்தான் அந்த வில்லாளி கடல் கடந்து ஊர்காவற்றுறைச் சிறுவனின் கையிலே பூவரசந்தடியைக் கொடுத்தான். நம் வெடியரசனுக்குப் பாடியவன் இருந்தான். கிழக்கிலே வி. சீ. கந்தையா 1968இல் 'கண்ணகி வழக்குரை'யைப் பதிப்பித்ததனால் தொகுத்தவனும் இருந்தான் எனலாம். சிறுவருக்காகப் புனைபவனும் வரைபவனுமே இன்னும் வேண்டும்.

ஆங்கிலக் கதைகளை ஒதுக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அவற்றை இன்னும் அதிகமாய் வாசிக்க வேண்டும், நல்ல தமிழிலே மொழிபெயர்க்கவும் வேண்டும். அவற்றின் பக்கத்திலே, அதே உயரத்தில், அதே வண்ணத்தோடு, வெடியரசனும் மீகாமனும் சாதுவனும் நிற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தீவுப்பகுதிப் பாடசாலை ஆசிரியர்களே, உங்கள் மாணவரைக் கொண்டு அவரவர் வீட்டுப் பெரியோர் சொல்லும் கதையைச் சொல்லும்படியே எழுதுவியுங்கள். வெடியரசன் கூத்தின் ஏட்டுப்பிரதியையோ கையெழுத்துப் பிரதியையோ பெட்டியிலே வைத்திருப்போர், அதன் படியொன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்து வையுங்கள். ஓவியம் தெரிந்த இளைஞர்கள் ஒருமுறை நெடுந்தீவுக்குச் சென்று, அந்தக் கல்வேலிகளையும் குட்டைக் குதிரைகளையும் கண்ணாரக் கண்டு வந்து வரையுங்கள். குறிகட்டுவானிலிருந்து படகு நாள்தோறும் போகிறது.